பைக் பெண்ட் பைப்புக்கு எந்த பெயிண்ட்? வாங்குவது முதல் சூடேற்றுவது வரை

இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து போகும் பெண்ட் பைப் துருப்பிடித்ததும், ஹார்டுவேர் கடையில் ஒரு கறுப்பு ஸ்ப்ரே வாங்கி அடித்துவிடுவதுதான் வழக்கம். சில நாள் புதுசு மாதிரி இருக்கும். அப்புறம் கொப்பளித்து உரியும். சாதாரண பெயிண்டில் இருக்கும் பிசின் 200 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே கருகத் தொடங்கிவிடும். பெண்ட் பைப்போ இன்ஜின் ஹெட்டை ஒட்டிய இடத்தில் 300, 400 டிகிரி வரை சூடாகும். அதனால் சிலிகோன் ரெசின் கலந்த ஹீட் ரெசிஸ்டன்ட் பெயிண்ட்தான் வேண்டும்.

1. கேனைத் தேர்வு செய்தல்

எண்ணோடு அலகையும் சேர்த்துப் படியுங்கள். டப்பாவில் கொட்டை எழுத்தில் 1200 என்றிருக்கும், அது பாரன்ஹீட். செல்சியஸில் சுமார் 650. தினசரி ஓட்டும் பைக்குக்கு இது தாராளம். டர்போ காரின் மேனிஃபோல்டுக்கு 2000 பாரன்ஹீட் வகை வேண்டும்.

கடைக்காரர் 'ஹை டெம்ப்' என்று இன்ஜின் எனாமலை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது 500, 550 பாரன்ஹீட்தான் தாங்கும். இன்ஜின் பிளாக்குக்குச் சரி, பெண்டுக்கு உதவாது. பவுடர் கோட்டிங்கும் அப்படித்தான். சாதாரண பவுடரை 180–200 டிகிரியில் உருக்கித்தான் ஒட்ட வைக்கிறார்கள். அதைவிடச் சூடாகும் குழாயில் அது எப்படி நிற்கும்?

நிறத்தில் மேட் கறுப்பு அல்லது சில்வர், அவ்வளவுதான். சில்வரில் இருக்கும் அலுமினியத் துகள், ரெசின் எரிந்த பிறகும் இரும்போடு ஒட்டிக்கொண்டு காக்கும். கம்பெனி என்றால் என் ஓட்டு விஎச்டி (VHT) ஃபிளேம்ப்ரூஃப் ஸ்ப்ரேவுக்கு. அந்த விலை கட்டாது என்றால் பாஸ்னி ஹை டெம்ப் போதும். பிரஷ்ஷால் அடிக்கும் டின் பெயிண்ட் எனக்குப் பிடிக்காது, வளைவுகளில் திட்டுத்திட்டாகத் தடித்துவிடும்.

2. கழற்றுதல், சுரண்டுதல்

கழற்றுவது உங்களுக்கே தெரியும். முதல் நாள் இரவே நட்டுகளுக்கு டபிள்யூடி-40 அடித்து ஊறவிடுங்கள். நட்டு மாட்டியிருக்கும் ஸ்டட் போல்ட் ஹெட்டுக்குள் முறிந்தால் லேத் பட்டறைக்கு அலைய வேண்டியதுதான். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள்.

கம்பி பிரஷ்ஷால் துருவை உதிர்த்து, 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 180. அதற்கு மேல் வழவழப்பாக்காதீர்கள், பெயிண்டுக்குப் பிடிமானம் வேண்டும். குரோம் பூசிய பைப் என்றால் பளபளப்பு துளிகூட இருக்கக் கூடாது. கையால் தேய்த்து மாளாது, மணலைப் பீய்ச்சிச் சுரண்டும் சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். ரெட் ஆக்சைடு, மெட்டல் பேஸ்ட் எதுவும் வேண்டாம். அடியில் இருக்கும் அது கருகினால் மேலே அடித்ததும் சேர்ந்து வந்துவிடும்.

கடைசியாக அசிட்டோன். வெள்ளை பனியன் துணியில் அழுக்கு ஒட்டாத வரை துடைத்துக்கொண்டே இருங்கள். அதன்பின் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில், சூடேறியதும் ரேகை வடிவத்திலேயே பெயிண்ட் தூக்கிக்கொள்ளும். கடலோர ஊர் என்றால் தேய்த்த அன்றைக்கே அடித்துவிடுங்கள், ஒரு ராத்திரி விட்டாலே செம்மண் நிறம் படரும்.

3. அடித்தல்

கேனை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளிப் பிடியுங்கள். முதல் பூச்சில் இரும்பு இன்னும் தெரிய வேண்டும், பனி படிந்த மாதிரி. பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. தடித்துவிட்டால் கொப்பளம் நிச்சயம்.

4. சூடேற்றுதல்: வேலையே இதுதான்

காய்ந்த மாதிரி தெரிந்தாலும் பெயிண்ட் இன்னும் தயாராகவில்லை. பெட்ரோல் பட்ட துணியால் தொட்டால் கையோடு வந்துவிடும். சிலிகோன் ரெசின் இறுகுவதே சூட்டில்தான். விஎச்டி சொல்லும் முறை இது: 120 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், 30 நிமிடம் ஆறவிடல், 200 டிகிரியில் 30 நிமிடம், மறுபடி ஆறவிடல், கடைசியாக 315 டிகிரியில் 30 நிமிடம். முதலிலேயே முழுச் சூட்டுக்குப் போனால், உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் ஆவியாகிக் கொப்பளத்தைக் கிளப்பும்.

இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டே செய்துவிடலாம் என்பார்கள். பாதி உண்மை. ஹெட் பக்கம் சீக்கிரம் சூடேறிவிடும், சைலன்சரின் வால் பக்கம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தக் கடைசி அரையடிதான் என்னை இம்சைப்படுத்தியது. முன்பக்கம் இரும்பு மாதிரி இறுகிவிட்டது, வால் பக்கம் பைக் கழுவும் ஷாம்புவுக்கே கரைந்தது. நின்றுகொண்டே ஓடும் ஏர் கூல்டு இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும் என்பது வேறு.

இதற்கு நான் சொல்லும் வழி பவுடர் கோட்டிங் பட்டறையின் ஓவன். பவுடர் வேண்டாம், 120-இல் ஒரு முறை, 200-இல் ஒரு முறை சுட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். 315 டிகிரிக்கு அங்கே வசதி இருக்காது. அந்தப் பாக்கியைப் பைக் ஓட்டும்போது ஹெட் பக்கம் தானாகவே பார்த்துக்கொள்ளும். வீட்டுச் சமையல் ஓவனை மட்டும் தொடாதீர்கள்.

ஐடில்தான் வழி என்றால் திறந்தவெளியில், இன்ஜினுக்கு முன்னால் டேபிள் ஃபேன் வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு இருபது நிமிடம் ஆறவிட்டு, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். வால் பக்கத்துக்கு ஹீட் கன் பிடியுங்கள். மூடிய ஷெட்டில் செய்யவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

பின்சேர்க்கை

நிறையப் பேர் புகையைப் பார்த்துப் பயந்து கேட்டிருந்தீர்கள். முதல் சூட்டில் வெள்ளைப் புகையும் நெடியும் வரும், தானாக அடங்கிவிடும்.

ஹெட்டை ஒட்டிய இரண்டு அங்குலம் மட்டும் வெளுத்து உதிர்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பெயிண்டைக் குறை சொல்லும் முன் கேஸ்கெட்டில் கசிவு இருக்கிறதா, கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைந்து ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஹீட் ராப் (சூடு தாங்கும் நாடா) சுற்றலாமா என்று கேட்டவர்களுக்கு: சாதா இரும்புக் குழாய் என்றால் வேண்டாம். மழைத் தண்ணீர் அதற்குள் தங்கி, பெயிண்டுக்கு அடியில் துரு ஏறும்.