மலை மேல் நிற்கும் ஹெலிகாப்டருக்கு வெளிமின்சாரம் கொடுப்பது எப்படி?

மார்கழிக் குளிரில் ராத்திரி முழுக்க ஊட்டி தீட்டுக்கல் தளத்தில் நின்ற ஹெலிகாப்டரை, காலையில் அதன் பேட்டரியை மட்டும் நம்பிக் கிளப்புவது எனக்குச் சம்மதமில்லை. குளிரில் பேட்டரியின் வலு குறைகிறது. வோல்ட் தாழ்ந்தால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், போதுமான காற்று உள்ளே போகாது, டர்பைனின் சூடு எல்லை மீறிவிடும். ஒரே தடவை மீறினாலும் எஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேண்டி வரலாம். தரையில் நின்று கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும் கிரவுண்ட் பவர் யூனிட் (ஜிபியு) இருந்தால் இந்தக் கவலை பெருமளவு தீரும்.

முதலில் வோல்ட்டைப் பாருங்கள். ஹெலிகாப்டர்களுக்குப் பெரும்பாலும் 28 வோல்ட் டிசி. கோவையில் வந்து நிற்கும் ஏர்பஸ்ஸுக்கு 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் ஏசி. அதன் பிளக்கே வேறு. எத்தனை ஆம்பியர் வரை கொடுக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்து ஜிபியுவில் வையுங்கள்.

டீசல் ஜிபியு என்றால் இன்னொன்று. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத டீசல் எஞ்சின் இங்குள்ள மெல்லிய காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடியது இங்கே திணறலாம், கொஞ்சம் பெரியதாகவே கொண்டு வாருங்கள்.

விசிறி வீச்சுக்கு வெளியே ஜிபியுவை நிறுத்தி, பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இப்போது பிளக். இரண்டு தடித்த பின்கள், ஒரு மெல்லிய பின். மெல்லியது நீளத்திலும் குட்டை. அது கடைசியாகத் தொட்டு முதலில் விலகும். ஹெலிகாப்டரின் உள்ளே இருக்கும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) அதைப் பார்த்துத்தான் மின்சாரத்தை அனுமதிக்கும். பிளக் பாதி செருகி நின்றால் ரிலே மின்சாரத்தை விடாது. அதற்காக இந்தக் காவலை மட்டும் நம்பிவிடாதீர்கள். பனி ஈரத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். செருகும்போது லொடலொடவென்று ஆடினால் அந்தப் பிளக்கை ஒதுக்கி வைத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்போது தளர்ந்த இடம்தான் சூடாகிக் கருகும்.

வரிசை முக்கியம். ரேடியோ முதலான கருவிகள் அணைந்திருக்கின்றனவா என்று பைலட்டிடம் கேளுங்கள். ஜிபியுவின் வெளியீடு அணைந்திருக்கும்போதே பிளக்கை அடிவரை அழுத்துங்கள். அப்புறம் வெளியீட்டைப் போடுங்கள். பைலட் வெளிமின்சார சுவிட்சைப் போட்டு, மீட்டரில் 28 வோல்ட் அளவில் நிற்கிறது என்று சொன்ன பிறகே ஸ்டார்ட்.

எஞ்சின் நிலைத்ததும் பைலட் சுவிட்சை அணைப்பார். அவர் கைகாட்டிய பிறகு நீங்கள் வெளியீட்டை அணையுங்கள். சரி, இனி கழற்றலாம்: கேபிளை இழுக்காமல் பிளக்கையே பிடித்து நேராக இழுங்கள். சாக்கெட் மூடியைப் பூட்டி, வால் பக்கம் போகாமல், பைலட் கண்ணில் படும் வழியாகவே குனிந்து வெளியேறுங்கள்.