பூஜை ரூம் படத்துல இருந்து குற்றாலம் வரைக்கும்: நெல்லைச் சீமையில கலைஞர்கள் வாழ்ந்த இடங்கள்

கனடாவோ லண்டனோ சிங்கப்பூரோ, எங்கருந்து ஊருக்கு வந்தாலும் சரி, பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி உங்க வீட்டு பூஜை ரூம்ல மாட்டியிருக்கிற பழைய லட்சுமி படம், முருகன் படத்தோட கீழ் ஓரத்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. கொண்டையராஜு பேரோ டி.எஸ்.சுப்பையா பேரோ இருந்துச்சுன்னா அந்தப் படம் கோவில்பட்டி ஆளுங்க கைபட்டது. போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அது அங்க உதவும்.

நம்மாளுங்க பெரும்பாலும் நெல்லையப்பரைக் கும்பிட்டு, குற்றாலத்துல குளிச்சிட்டு, துணிக்கடைக்குப் போய்ட்டு பிளைட் ஏறிடுறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். இந்தச் சீமையில எழுதினவங்க, வரைஞ்சவங்க, வாசிச்சவங்க இருந்த தெருவெல்லாம் இன்னும் இருக்கு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம். மூணு நாள் ஒதுக்கினா போதும்.

மதுரைல இறங்குறவங்க நேரா கோவில்பட்டிக்கு வந்துருங்க, நாலுவழிச் சாலையில சுமார் 100 கிலோமீட்டர். கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்கு சீன் திரை வரைஞ்சிக்கிட்டு ஊர் ஊரா சுத்தினவர், கம்பெனி கலைஞ்சதும் இங்கேயே தங்கிட்டார். கல்யாணம் பண்ணிக்கல, டி.எஸ்.சுப்பையா மாதிரி சிஷ்யப் பிள்ளைங்கதான் குடும்பம். பக்கத்துலயே சிவகாசி அச்சாபீஸுங்க இருந்ததால இவங்க வரைஞ்ச சாமி படம் காலண்டராகி நாடு முழுக்கப் போச்சு, கப்பல் ஏறி நம்ம தாத்தா பாட்டி கூடவும் போச்சு. ஒரு மியூசியம் மாதிரி எதிர்பார்த்துப் போகாதீங்க. கடைவீதியில படத்துக்கு பிரேம் போடுற பழைய கடையா பாத்து, வயசான அண்ணாச்சிகிட்ட அந்த போட்டோவைக் காட்டி, "அண்ணாச்சி, இது கொண்டையராஜு படமா?"ன்னு கேளுங்க. படத்தைப் பத்தி தெரிஞ்சவங்க அப்படித்தான் கிடைப்பாங்க, அவசரப்படாம உக்காந்து பேசுங்க, கெளம்பும்போது கடலைமிட்டாய் வாங்கிக்கோங்க.

அதே ஊர்லதான் எழுத்தாளர் கி.ராஜநாராயணனுக்கு (கி.ரா.) அரசு கட்டின நினைவு மண்டபம் இருக்கு, 2022ல திறந்தது, உள்ள லைப்ரரியும் உண்டு. ஆனா அவரைப் புரிஞ்சுக்கணும்னா பக்கத்துல இடைசெவலுக்குப் போகணும். 1923ல கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் அந்தச் சின்ன ஊர்லதான் பொறந்தாங்க, ரெண்டு பேருக்கும் பின்னாடி சாகித்ய அகாடமி விருது. ஒரே ஊர், ஒரே வருஷம், ரெண்டு பெரிய எழுத்தாளர், நினைச்சுப் பாருங்க! கரிசக்காட்டு மண்ணைக் கையில அள்ளிப் பாருங்க, மழை பேஞ்சிருந்தா செருப்போட அப்பிக்கிடும்.

கோவில்பட்டில இருந்து எட்டயபுரம் 15 கிலோமீட்டர் சொச்சம்தான், டவுன் பஸ்ஸே கிடைக்கும். பாரதி 1882 டிசம்பர் 11 பொறந்த வீட்டை நினைவு இல்லமா வச்சிருக்காங்க. 2025 மார்ச்ல அதோட மேற்கூரை ஒரு பக்கம் இடிஞ்சு விழுந்துச்சு, அதனால இப்ப உள்ள விடுறாங்களான்னு ஊர்ல யார்கிட்டயாவது கேட்டுட்டுப் போங்க. மணிமண்டபம் தனி இடம். கல்கி ஜனங்ககிட்ட பணம் திரட்டிக் கட்டினது, 1947ல திறந்தாங்க. பாரதியோட நிப்பாட்டிடாதீங்க, சீறாப்புராணம் பாடின உமறுப் புலவர் அடங்கின இடமும் இதே ஊர்தான், முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளி அன்னிக்கு உயிர் விட்டதும் இங்கதான். தீட்சிதர் சமாதியில தீபாவளி சமயத்துல வித்வான்கள் வந்து பாடுவாங்க, கர்நாடக சங்கீதம் கத்துக்கிற பிள்ளைங்க வீட்ல இருந்தா லீவை அதுக்கு ஏத்த மாதிரி போடுங்க. ஒரு ஜமீன் ஊர் இத்தனை பேருக்கு எடம் கொடுத்திருக்கு.

நெல்லை டவுன்ல பாரதி படிச்ச ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளி இன்னும் நடக்குற பள்ளிக்கூடம். ஆபீஸ்ல அனுமதி கேட்டுட்டு, பிள்ளைங்க பாடம் கெடாத நேரமா பாத்துப் போங்க.

அடுத்த நாள் கார் வேண்டாம். நெல்லையில இருந்து செங்கோட்டை பாசஞ்சர் ரயில் ஏறுங்க, ஜன்னலோர சீட் பிடிச்சுக்கோங்க, வயலும் வாய்க்காலும் பொதிகை மலையுமா கூடவே வரும். காருகுறிச்சியில இறங்கினா நாகஸ்வரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) பொறந்த மண்ணு. ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர், நாப்பது வயசு சொச்சத்துலயே போய்ச் சேந்துட்டார். இறங்குறதுக்கு முன்னாடி ரயில்லயே அவரு வாசிப்பைக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு இறங்குங்க, அப்புறம் ஊரைச் சுத்துங்க. மண்பானை செய்றவங்களும் அங்க இருக்காங்க, லக்கேஜ்ல உடையாம கொண்டு போக முடியும்னா வாங்குங்க.

அடுத்து கீழக்கடையம் ஸ்டேஷன். கடையம், பாரதி மனைவி செல்லம்மா பொறந்த ஊரு. 1918 கடைசியில கடலூர் ஜெயில்ல இருந்து வெளிய வந்த பாரதி இங்க வந்துதான் ரெண்டு வருஷம் கிட்ட இருந்தார். பாரதியும் செல்லம்மாவும் சேந்து நிக்கிற சிலை இப்ப இருக்கு, அவருக்கு பக்கத்துல அந்த அம்மாவையும் நிக்க வச்சது எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாயங்காலமா நித்யகல்யாணி அம்மன் கோவில் பக்கம் போங்க. மலையடிவாரத்துல காத்து நல்லா வரும்.

கடைசியா தென்காசியில இறங்கி குற்றாலம், 5 கிலோமீட்டர்தான். ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்துல வாழ்ந்து 1954ல மறைஞ்ச ஊரு. நெல்லை வண்ணாரப்பேட்டை வீட்டுல வட்டத்தொட்டின்னு கூட்டம் கூட்டி கம்பனை ரசிச்சுச் சொன்னவர், குற்றாலத்துக்கு வந்தப்புறம் ராஜாஜி, கல்கியெல்லாம் அவரைத் தேடி வந்தாங்க. அருவியில குளிச்சிட்டு சித்திரசபைங்கிற நடராஜர் மண்டபத்துக்குக் கட்டாயம் போங்க, சுவரு பூரா மூலிகைச் சாயத்துல வரைஞ்ச படம், கோவில்பட்டில பாத்ததுக்கு அப்புறம் இதைப் பாத்தா கண்ணு வேற மாதிரி பாக்கும். பிளாஷ் போடாதீங்க. சீசன்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட், சாரலும் உண்டு, ரூம் வாடகையும் அப்பதான் ஏறும்.

ஒண்ணு கட்டாயம் சொல்லணும். சில வீடுகள்ல இப்ப வேற குடும்பம் குடியிருக்கும். வாசல்ல நின்னு குரல் கொடுங்க, வேண்டாம்னா வணக்கம் சொல்லிட்டு வந்துருங்க, வீடியோ எடுத்துக்கிட்டே உள்ள நுழையாதீங்க. பெரியவங்க பேச ஆரம்பிச்சா பாதியில எந்திரிக்காதீங்க, காபி கொடுத்தா குடிங்க.

திரும்பிச் சென்னைக்குப் போறவங்களுக்கு தென்காசியில இருந்தே பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கு, சாயங்காலம் ஏறினா காலையில எழும்பூர். முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்கும், லீவு சீசன்ல சட்டுனு தீந்துரும், பிளைட் டிக்கெட் போட்ட கையோட இதையும் நாள் குறிச்சு வச்சுக்கோங்க.