ஏடிசி வேலைக்குக் குமரி மாவட்டத்திலிருந்து விண்ணப்பிக்கிறீர்களா? கண்ணிலிருந்து தொடங்குங்கள்

ஏடிசி, அதாவது விமானங்களுக்கு ரேடியோவில் வழிசொல்லும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகள் நாகர்கோவிலில் முதலில் தேடுவது கோச்சிங் சென்டரை. அதற்கு முன்னால் போகவேண்டியது கண் டாக்டரிடம். எழுத்துத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பையும் குரல் தேர்வையும் தாண்டியபிறகு, கடைசியாக வரும் மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு என்று தெரியவந்தால் அத்தனை நாள் படிப்பும் வீண். எனவே தேர்வு நடக்கும் வரிசையைத் தலைகீழாகப் பிடியுங்கள்: முதலில் உடம்பு, பிறகு காகிதம், அப்புறம்தான் புத்தகம்.

ஆள் எடுப்பது யார்

பெரும்பாலான பயணிகள் விமான நிலையங்களில் வான் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது இந்திய விமான நிலைய ஆணையம், அதாவது ஏஏஐ. திருவனந்தபுரம் விமான நிலையம் 2021 அக்டோபரில் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. ஆனால் அங்கே டவரில், அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், உட்கார்ந்திருப்பவர்கள் இன்றும் ஏஏஐ ஊழியர்கள்தான். ஆகவே ‘ஏர்போர்ட் மேனேஜ்மென்ட்’ டிப்ளமோ எதுவும் உங்களை டவருக்குக் கொண்டுபோகாது. பணம் கட்டினால் ஏடிசி வேலை வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அது மோசடி.

பதவியின் பெயர் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ், ஏர் டிராஃபிக் கன்ட்ரோல். சம்பள விகிதம் ரூ.40,000 முதல் 1,40,000 வரை, படிகள் தனி. 2023-இல் 496 இடங்களுக்கும் 2025-இல் 309 இடங்களுக்கும் அறிவிப்பு வந்தது. எண்ணிக்கை இப்படி ஏறி இறங்கும் என்பதால், அறிவிப்பு வரட்டும், பிறகு தயாராகலாம் என்று இருந்தால் வண்டி போய்விடும்.

கண், காது, நாக்கு

ஏடிசிக்குக் கேட்கப்படுவது மூன்றாம் வகுப்பு மருத்துவத் தகுதி. சர்வதேச விதிப்படி தூரப்பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்த்து 6/6 இருக்கவேண்டும். கண்ணாடி போட்டு இந்த அளவு வந்தாலும் போதும், அதனால் கண்ணாடி போடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது நிறப்பார்வையில்தான். புள்ளிகளுக்கு நடுவே எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டிப் பார்ப்பார்கள். டவரிலிருந்து காட்டும் சிவப்பு, பச்சை விளக்கு, ரேடார் திரையின் நிறக்குறி எல்லாவற்றுக்கும் இது தேவை. பிறவியிலேயே வரும் குறை என்பதால் மருந்தோ பயிற்சியோ இதை மாற்றாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவிலோ வேறு கண் மருத்துவரிடமோ கேட்டால் சில நிமிட வேலை. காதுக்கு ஆடியோகிராம்: 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் கேட்கும் திறனின் இழப்பு 35 டெசிபலைத் தாண்டக்கூடாது, 3000-இல் 50-ஐத் தாண்டக்கூடாது. இரைச்சலான இடத்தில் வேலை பார்த்தவர்கள் இதைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள்.

குரல் தேர்வில் இனிய குரலைத் தேடுவதில்லை; திக்கல் இருக்கிறதா, சொல்வது தெளிவாக விழுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நம் பக்கத்தில் இழுத்துப் பேசும் ராகம் பிரச்சினையே இல்லை. ‘ஃப’வை ‘ப’ ஆக்குவதும், ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டிவிடுவதும், ஃபிஃப்டீனுக்கும் ஃபிஃப்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் உச்சரிப்பதும்தான் பிரச்சினை. ரேடியோவில் பேசும் வேகம் நிமிடத்துக்கு 100 சொல்லைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசப் பரிந்துரை. ஆங்கில நாளிதழில் 100 சொல் எண்ணிக் கோடு போட்டு, சரியாக ஒரு நிமிடத்தில் வாசித்து, போனில் பதிந்து கேளுங்கள். பெரும்பாலானவர்கள் 35, 40 விநாடியிலேயே முடித்துவிடுவார்கள்; அந்தப் படபடப்பைத்தான் குறைக்கவேண்டும்.

போதைப்பொருள் பரிசோதனையும் உளவியல் மதிப்பீடும் உண்டு. தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருந்து, மாதிரி கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

காகிதங்கள்

வயது வரம்பு 27, விண்ணப்பத்தின் கடைசித் தேதியை வைத்துக் கணக்கு. ஓபிசிக்கு 3 ஆண்டும், எஸ்சி, எஸ்டிக்கு 5 ஆண்டும் தளர்வு. படிப்பு: இயற்பியலும் கணிதமும் உள்ள முழுநேர பி.எஸ்சி., அல்லது எந்தப் பிரிவானாலும் முழுநேர பொறியியல் பட்டம். பொறியியலிலும் ஏதாவது ஒரு செமஸ்டரில் இயற்பியலும் கணிதமும் பாடமாக இருந்திருக்கவேண்டும்.

இந்தக் கடைசி வரியில் அடிபடுகிறவர்கள் பாலிடெக்னிக் முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள். இன்ஜினியரிங் பிசிக்ஸ் முதலாண்டுப் பாடம். அவர்கள் மார்க் ஷீட்டில் அது இருக்காது. கோணத்தில் டிப்ளமோ படித்துவிட்டு பி.இ. போனவர் கட்டணம் கட்டுவதற்கு முன்பே அறிவிப்பில் உள்ள உதவி மையத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸில் இயற்பியல் இல்லையென்றால் விண்ணப்பித்துப் பயனில்லை.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மார்க் ஷீட்டில் சிஜிபிஏ இருந்தால், அதைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்துக்கான சான்றை முன்கூட்டியே வாங்குங்கள். கடைசி வாரத்தில் அபிஷேகப்பட்டிக்கு ஓடுவது வேண்டாம்.

ஓபிசி சான்றிதழில்தான் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் தாசில்தார் தரும், கிரீமிலேயர் அல்லாதவர் என்ற சான்றுதான் வேண்டும். பட்டியலில் சில சாதிகள் ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்ற குறிப்போடுதான் இருக்கின்றன. உங்கள் சாதியின் பெயர் மத்தியப் பட்டியலில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ, சான்றிதழிலும் அப்படியே இருக்கிறதா என்று வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பெயரும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் என்றிருந்தால் ஆதாரை முதலில் திருத்திவிட்டு விண்ணப்பத்தில் கைவையுங்கள்.

கட்டணம் ரூ.1,000, பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டிக்கும் இல்லை.

எழுத்துத் தேர்வு

கணினியில் 120 கேள்வி, 120 நிமிடம், தவறுக்கு மார்க் குறைப்பு கிடையாது. ஆங்கிலம் 20, ரீசனிங் 15, எண்திறன் 15, பொது அறிவு 10. மீதி 60 இயற்பியலும் கணிதமும். ரேங்க் தீர்வது இந்த 60-இல்தான். வங்கித் தேர்வுக்குப் படித்தவர்கள் முதல் பாதியை ஊதித் தள்ளிவிட்டு இரண்டாம் பாதியில் முழிப்பார்கள். பிளஸ் டூ புத்தகங்களைத் திரும்ப எடுத்து நுண்கணிதம், வெக்டர், அணிகள், ஒளியியல், மின்காந்தவியல் ஆகியவற்றை முடித்து, அதன்மேல் பட்டப்படிப்புப் பாடத்தை ஏற்றுங்கள். முதல் 60 கேள்வியை 40 நிமிடத்தில் முடிக்கப் பழகினால், கணக்குப் போட 80 நிமிடம் மிஞ்சும். ஒரு கேள்வியையும் விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

பயிற்சி

தேர்வானவர்களைப் பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோந்தியா பயிற்சி நிலையங்களில் ஒன்றுக்கு அனுப்புவார்கள். பிரயாக்ராஜ் நிலையம் 1948-இல் தொடங்கியது. அங்கே போகிறவர்கள் கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டு போனால் மெஸ்ஸிலும் ஆட்டோவிலும் உதவும். வகுப்புக்கு ஆங்கிலம் போதும். பயிற்சி முடிந்து மூன்றாண்டு வேலை பார்ப்பதாக ரூ.7 லட்சத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும்.

வான்சட்டம், வானிலை, வழிகாட்டுமுறை எல்லாம் மனப்பாடத்தில் ஒப்பேறிவிடும். சிமுலேட்டரில் மனப்பாடம் செல்லாது. இரண்டு விமானங்களுக்கு நடுவே மேலும் கீழுமாக 1,000 அடி, ரேடாரில் விமான நிலையம் அருகே 3 கடல் மைல், வழித்தடத்தில் 5, கனரக விமானத்துக்குப் பின்னால் நடுத்தர விமானம் வந்தால் 5 என்ற இடைவெளிகள் யோசிக்காமலே நினைவில் எழவேண்டும். எண்களையும் வேறு மாதிரி சொல்லவேண்டும்: மூன்று ட்ரீ, ஐந்து ஃபைஃப், ஒன்பது நைனர். இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் இந்த ஏற்பாடு. “விக்டர் டேங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, விண்ட் டூ நைனர் ஸீரோ டிகிரீஸ், எய்ட் நாட்ஸ், ரன்வே ட்ரீ டூ, கிளியர்டு டு லேண்ட்” (VT-ABC விமானமே, காற்று 290 டிகிரியிலிருந்து 8 நாட் வேகம், 32-ஆம் ஓடுதளத்தில் இறங்கலாம்) என்பதை மூச்சு வாங்காமல், சமமான குரலில் சொல்லிப் பாருங்கள். கொல்லங்கோடு, நீரோடி பக்கம் கடலோரமாகத் தாழ்ந்து திருவனந்தபுரத்தில் இறங்கப்போகும் விமானத்துக்கு இந்த மாதிரி ஓர் அனுமதிதான் போகும்.

புதியவர்களின் முதல் தவறு, விமானி திருப்பிச் சொல்வதைக் கவனிக்காமல் அடுத்த விமானத்துக்குத் தாவுவது. 14,000 அடி என்று நீங்கள் சொன்னதை அவர் 15,000 என்று திருப்பிச் சொன்னாலும் காது ‘சரி’ என்றே எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் அது எதிர்பார்த்ததைக் கேட்கிறது. 1996 நவம்பர் 12-இல் ஹரியானாவின் சர்கி தாத்ரி வானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். கொடுத்த உயரத்துக்குக் கீழே ஒரு விமானம் இறங்கியதே காரணம். அந்த விமானிகளின் ஆங்கிலக் குறைவும் விசாரணையில் பேசப்பட்டது. ஏடிசிக்கும் விமானிக்கும் ஆங்கிலத்தில் ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும் என்ற சர்வதேச விதி பின்னர் வந்தது. நான்காம் நிலையில் நின்றால் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்வு, ஐந்தாம் நிலைக்கு ஆறாண்டு, ஆறாம் நிலைக்குத் திரும்பத் தேர்வில்லை.

பயிற்சி நிலையத்தை முடித்ததும் தனியாக மைக் கிடைத்துவிடாது. போஸ்டிங் ஆன விமான நிலையத்தில் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஓடுதளம், அந்த மலை, அந்தக் காற்றுக்கு ஏற்ப ஓஜேடி, அதாவது வேலையிடப் பயிற்சி முடித்து, தனியாக வேலை பார்க்கும் தகுதியான ரேட்டிங் வாங்கவேண்டும். முதலில் டவர், பிறகு அப்ரோச் (இறங்க வரும், கிளம்பிப் போகும் விமானங்கள்), ஏரியா (வழித்தடத்தில் போகும் விமானங்கள்), ரேடார். ஒவ்வொன்றுக்கும் தனி ரேட்டிங். ஊர் மாறினால் அந்த ஊருக்கான ஓஜேடியை மறுபடி தொடங்கவேண்டும். சென்னையில் வாங்கியதை வைத்துத் திருவனந்தபுரத்தில் மைக்கைத் தொடமுடியாது.