தோட்டப்புற வானில் வாணவேடிக்கையைப் படம் பிடிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் வாணவேடிக்கையைப் படம் பிடிப்பவருக்குப் பெருநகரத்தாருக்கு வாய்க்காத ஒரு வசதி உண்டு. உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சம் குறுக்கிடாததால் வானம் நன்றாகக் கறுத்திருக்கும். செம்பனை மரங்களின் நிழலுருவம் படத்தின் அடியில் தானாகவே ஒரு கரையை வரைந்துவிடும். ஆனால் தானியங்கி நிலையில் விட்டால், கேமரா அந்த இருட்டையே வெளிச்சமாக்க முயன்று, இதழ் இதழாக விரிய வேண்டிய தீப்பொறிகளை வெள்ளைத் திட்டுகளாக்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் கைமுறையில் அமைத்துக்கொள்ள வேண்டும்.

பறக்கும் தீப்பொறி, கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரின் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை; கணநேரத்தில் கடந்துவிடுகிறது. அதனால் ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரை நான்கு நொடி திறந்தாலும் எட்டு நொடி திறந்தாலும் அந்த ஒளிக்கோட்டின் பிரகாசம் மாறாது. அதை முடிவு செய்பவை சென்சாரின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வும் ஒளி நுழையும் லென்சின் துவாரமுமே. எத்தனை வாணங்கள் ஒரே படத்தில் சேரும், வானமும் கடைவீதி விளக்குகளும் எவ்வளவு தெரியும் என்பவற்றைத்தான் ஷட்டர் நேரம் தீர்மானிக்கிறது. இது விளங்காத காலத்தில், படம் வெளுத்துப்போகும்போதெல்லாம் ஷட்டர் நேரத்தையே குறைத்துக்கொண்டிருந்தேன்; நம் சுதந்திர நாளான ஆகஸ்ட் 31 பிறந்த ஒரு நள்ளிரவு முழுவதும் அப்படியே வீணாகிப்போனது இன்றும் எனக்கு வருத்தம்தான். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8 அல்லது எஃப் 11 என்று தொடங்குங்கள் (எஃப் எண் கூடினால் துவாரம் சுருங்கும்). ஸ்ட்ரோன்சியம் தரும் சிவப்பும் பேரியம் தரும் பச்சையும் வெண்மையாக வெளுத்தால் துவாரத்தை இன்னும் சுருக்குங்கள். செம்பு தரும் நீலம் இயல்பிலேயே மங்கலானது. அது தெரியவே இல்லையென்றால் சற்றே திறக்கலாம்.

குவியத்தை இருட்டுமுன்பே சரிசெய்துவிடுவது நல்லது. தொலைவில் செம்பனை ஆலையின் விளக்கு தெரிந்தால், திரையில் அதைப் பெரிதாக்கி, ஒளி கூர்மையான ஒரு புள்ளியாகும் வரை குவிய வளையத்தை மெல்லத் திருப்பி, பிறகு வளையம் நகராதபடி ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தியபின் அசைவுத் தடுப்பை அணைத்துவிடவும். நீண்ட பதிவில் தோன்றும் புள்ளிகளைத் துடைக்கும் இரைச்சல் நீக்கத்தையும் அணைக்க வேண்டும்; இல்லையேல் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் கேமரா உங்களைக் காக்க வைக்கும்.

அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பல்ப் நிலையில் கேமராவை வைத்து, வாணம் கோடு கிழித்து மேலேறும்போதே ரிமோட்டை அழுத்தி, கடைசி இதழ் அணையும்போது விடுங்கள். வெடிச்சத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்வதால், வாணம் விடும் திடலிலிருந்து 700 மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சத்தம் இரண்டு நொடி பிந்தித்தான் கேட்கும். அதற்குள் பாதிப் பூ உதிர்ந்திருக்கும்.

நம் ஊர் இரவின் ஈரப்பதத்தையும் மறந்துவிடக் கூடாது. குளிர்சாதனக் காரிலிருந்து இறக்கியவுடன் லென்சில் பனி படரும். அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, பையைத் திறக்காமல் வெளியே வைத்திருங்கள். காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து வீசும் இடமாகப் பார்த்து நின்றால் புகை உங்களை விட்டு விலகிப் போகும். அப்படி நின்றாலும் முதல் சில நிமிடங்களில் எடுப்பவையே பெரும்பாலும் தெளிவாக அமையும்.

கைப்பேசி வைத்திருப்போரும் முக்காலியில் பொருத்தி, அமைப்புகளைக் கைமுறையில் மாற்றும் புரோ நிலையில் ஐ.எஸ்.ஓ.வை மிகக் குறைத்து, இரண்டு நொடி டைமருடன் முயலலாம். வாணவேடிக்கையின் இறுதியில் வாணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்போது ஒளி ஒரே இடத்தில் சேர்ந்து வெளுக்கும் என்பதால், கேமராவில் எடுப்போர் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, ஒன்று அல்லது இரண்டு நொடிக்குள் ஷட்டரை மூடிவிடுங்கள்.