ஐரோப்பிய அரசியரின் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய அரச குடும்பத்துப் பெண்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சறுக்கும் இடம், அவர்களை வெறுத்தவர்களும் அவர்களுடைய வீழ்ச்சியால் ஆதாயம் அடைந்தவர்களும் விட்டுச்சென்ற கூற்றுகளை அப்படியே வரலாறாக ஏற்றுக்கொள்வதுதான்.

"ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்" என்று பிரெஞ்சு அரசி மேரி அன்டோனெட் சொன்னதாக இன்றும் எழுதப்படுகிறது. இதையொத்த ஒரு கூற்றை, பெயர் குறிப்பிடாத ஒரு பெரிய இளவரசியின் வாய்மொழியாகச் சிந்தனையாளர் ரூசோ தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்; ஆனால் அவர் அதை எழுதிய 1760களில், 1755இல் பிறந்த மேரி ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் வளர்ந்துகொண்டிருந்த சிறுமி. அவர் மணமகளாகப் பிரான்சுக்கு வந்ததே 1770இல்தான். 1785இல் வெடித்த வைர அட்டிகை விவகாரத்திலும், அரசியின் பெயரில் போலிக் கடிதங்கள் தயாரித்து ஒரு மோசடிக் கும்பல், அரசிக்காக என்று சொல்லி அட்டிகையை வாங்க வைத்து, கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் குருவான கார்டினல் ரோஆனை ஏமாற்றியது விசாரணையில் தெரியவந்த பிறகும், பழி என்னவோ அரசியின் தலையில்தான் விழுந்தது. அதற்காக அவரை அப்பழுக்கற்றவராகச் சித்திரிப்பதும் பிழையே. 1792இல் பிரெஞ்சுப் படைத் திட்டங்களை ஆஸ்திரியத் தரப்புக்கு இரகசியமாகத் தெரிவித்தவர் அவர்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மனைவி ஆன் பொலினுக்கு ஆறாவது விரல் இருந்தது என்ற செய்தியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அவர் 1536இல் மரண தண்டனைக்கு உள்ளானார். அந்த வருணனையோ, அப்போது சிறுவனாக இருந்து பின்னாளில் நாடுகடந்து வாழ்ந்த கத்தோலிக்கரான நிக்கோலஸ் சாண்டர் எழுதி 1585இல் வெளியான நூலில் வருகிறது.

ஸ்பெயினின் பகுதியான காஸ்டிலின் அரசி ஹுவானாவைப் 'பித்துப் பிடித்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது இன்னும் பெரிய அநீதி. 1506இல் அவருடைய கணவர் பிலிப்பும் தந்தை பெர்டினாண்டும் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, அவர் ஆளத் தகுதியற்றவர் என்று தீர்மானித்தார்கள். 1509இல் தந்தை அவரை டோர்டெசியாஸ் என்ற ஊரில் அடைத்துவைத்தார். மகன் சார்லஸும் விடுவிக்கவில்லை. 1555இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். சட்டப்படி அவர் அதுவரையிலும் அரசியாகவே இருந்தார் என்பதையும், 1520இல் சார்லஸின் ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியாளர்கள் தேடிவந்து கையொப்பம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டதையும் பல கட்டுரைகள் சொல்வதே இல்லை. அவருக்கு மனநோய் இருந்திருக்கலாம். ஆனால் அந்த முத்திரையால் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து அதிகாரம் பெற்றார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

பெயர்க் குழப்பமும் உண்டு. 1558இல் இறந்த இங்கிலாந்தின் முதலாம் மேரி எலிசபெத்தின் அக்காள். 1587இல் தலை வெட்டப்பட்ட ஸ்காட்லாந்து மேரி வேறொருவர். பிரான்சின் அரசியான 'ஆஸ்திரியாவின் ஆன்' பிறந்தது ஸ்பெயினில். அவர் பெயரில் உள்ள ஆஸ்திரியா, ஆஸ்திரியாவையும் ஸ்பெயினையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தைக் குறிக்கிறது.

வாரிசுரிமை ஐரோப்பா முழுவதும் ஒரே மாதிரி இருந்ததாக எண்ணுவது மற்றொரு தவறு. பிரான்சில் பெண் அரியணை ஏற வழியில்லை. பெரும்பாலும் இளவயது மன்னரின் தாயாக இருந்து ஆட்சிப் பொறுப்பை நடத்தவே முடிந்தது. மரியா தெரசா 1740 முதல் ஹாப்ஸ்பர்க் பரம்பரை நிலங்களைத் தம் சொந்த உரிமையில் ஆண்டார். ஆனால் புனித ரோமானியப் பேரரசராக 1745இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவருடைய கணவர் பிரான்சிஸ். 1837இல் விக்டோரியா பிரிட்டனின் அரசியானபோது, அதுவரை அதே மன்னரின் கீழ் இருந்த ஜெர்மானிய நாடான ஹனோவர், ஆண் வாரிசுக்கே முன்னுரிமை தந்த அந்நாட்டுச் சட்டத்தின்படி, அவருடைய சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸிடம் போய்ச் சேர்ந்தது.