நெடுந்தீவில் நாலு மணித்தியாலம்

யாழ்ப்பாணக் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குப் போய் அன்றே திரும்பும் எங்கட வன்னி ஆட்களுக்கும், கப்பல் சுற்றுலாவில் ஒரு தீவில் இறங்குபவர்களுக்கும் ஒரே பிரச்சினைதான். திரும்புகிற படகை விட்டால் கதை முடிந்தது. ஆகவே தீவின் இறங்குதுறையான மாவலித்துறையில் கால் வைத்ததும் முதல் வேலை, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று அங்கேயே கேட்பது. காற்று கூடினால் நேரம் மாறும், சில நாட்களில் படகே ஓடாது.

கிளிநொச்சிப் பக்கமிருந்து போகிறவர்கள் விடியமுன் வெளிக்கிடுங்கள். பரந்தன், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், பிறகு யாழ்ப்பாணம், புங்குடுதீவு தாண்டிப் படகு ஏறும் குறிகட்டுவான் போய்ச் சேரவே நேரம் எடுக்கும். அதற்கு மேல் ஒரு மணித்தியாலம் அளவில் கடல். தலைசுற்றுகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறவேண்டாம்.

தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர், நடந்து பார்க்க ஏலாது. ஓட்டோ ஒன்றைப் பிடியுங்கள், ஏறமுன் காசைப் பேசி முடியுங்கள். வெயில் ஏற முதல் தூரத்துப் புல்வெளிக்குப் போய்க் குதிரைகளைப் பாருங்கள். அவை காட்டுக்குதிரைகள், கிட்டப் போகாதீர்கள், சாப்பாடும் நீட்டாதீர்கள். வரும் வழியில் கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பாவோபாப் என்கிற பெருக்கமரம். மன்னார் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்த்தவர்கள் இதை அவசரமாகப் பார்த்தாலும் குறையில்லை. எனக்குப் பிடித்தது தெருவோரத்துப் பவளக்கல் வேலிகள்தான். சாந்து பூசாமல் கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கியிருக்கிறார்கள்.

குடிதண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். நல்ல தண்ணீர் அங்குள்ளவர்களுக்கே தட்டுப்பாடு. தொப்பியும் வேண்டும், வெளியில் நிழல் குறைவு.