இரண்டாம் பீப்பாய் ஏறிய அமெரிக்க விஸ்கி: சுவைக்கவும் மதிப்பெண் போடவும்

மக்காச்சோளமே முதன்மையான அமெரிக்க விஸ்கியான போர்பன் முதலில் முதிர வேண்டியது உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில்தான்; அமெரிக்கச் சட்டம் அப்படி. அங்கே முதிர்ந்ததை எடுத்து, போர்ட், ஷெர்ரி (இரண்டும் ஆல்கஹால் கூட்டிய ஒயின்), ரம், காக்னாக் (பிரெஞ்சு பிராந்தி) ஏதாவது இருந்த பீப்பாய்க்கு மாற்றி, சில வாரமோ சில மாதமோ வைத்திருந்து பாட்டிலில் அடைப்பதே காஸ்க் பினிஷ். ரை என்ற தானியத்தில் செய்யும் ரை விஸ்கிக்கும் இதைச் செய்கிறார்கள். இந்த வகையைச் சுவைக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இரண்டாவது பீப்பாய் விஸ்கியோடு சேர்ந்திருக்கிறதா, இல்லை அதை மூடிவிட்டதா? மதிப்பெண்ணில் மிகப் பெரிய பங்கு இந்தக் கேள்விக்கே போக வேண்டும்.

ஊற்றும் முன் லேபிளைப் படியுங்கள். 'ஸ்ட்ரெய்ட்' என்று இருந்தால் அடிப்படை விஸ்கி குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்தது. வயது 4 ஆண்டுக்குக் கீழே என்றால் அதை அச்சிட்டாக வேண்டும். அடுத்து, இரண்டாவது பீப்பாய் எது என்று பாருங்கள். ஏஞ்சல்ஸ் என்வி போர்பன் ரூபி போர்ட் பீப்பாயில் முடிகிறது. அதே நிறுவனத்தின் ரை விஸ்கி முடிவது ரம் பீப்பாயில். வுட்ஃபோர்டு ரிசர்வ் டபுள் ஓக்டு கதை வேறு: அதன் இரண்டாவது பீப்பாயும் புதிய ஓக்தான், நன்றாக வாட்டி லேசாகக் கருக்கியது. அதில் பழ வாசனையைத் தேடி ஏமாறாதீர்கள். கிடைப்பது கேரமலும் வாட்டிய மரமும். மேக்கர்ஸ் மார்க் 46-இல் பீப்பாய் மாற்றம் என்பதைவிட, வாட்டிய பிரெஞ்சு ஓக் பலகைகளைப் பீப்பாய்க்குள் சேர்ப்பதே முக்கியம். ஆல்கஹால் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். புரூஃப் என்று போட்டிருந்தால் அதில் பாதியே சதவீதம்: 100 புரூஃப் என்றால் 50.

கிளாஸ் வாய் குறுகியதாக இருக்கட்டும். கிளென்கெய்ர்ன் என்ற விஸ்கி கிளாஸ் போதும். வாய் அகன்ற டம்ளரில் மணம் கலைந்துபோகும். 20 மில்லி ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். ஆல்கஹால் 55 சதவீதத்துக்கு மேல் என்றால் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம், குளிர்ந்தால் மணம் ஒடுங்கும், கசப்பு தூக்கலாகத் தெரியும்.

இனி, பலர் விட்டுவிடும் வேலை. பக்கத்திலேயே இன்னொரு கிளாஸில் அதே நிறுவனத்தின் சாதாரண போர்பனை ஊற்றுங்கள். பினிஷ் என்ன கொடுத்தது, எதை எடுத்தது என்று நினைவை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டையும் மாறி மாறி முகர்ந்தால்தான் தெரியும். அமெரிக்காவில் விற்கும் வுட்ஃபோர்டு ரிசர்வும் அதன் டபுள் ஓக்டும் இரண்டுமே 45.2 சதவீதம் என்பதால் பழகுவதற்கு அருமையான ஜோடி. சதவீதம் வேறுபட்டால், கூடுதலானதைத் தண்ணீர் விட்டு இறக்கிச் சமமாக்குங்கள். ஏனென்றால் காரம் கூடினால் 'சுவை கூடியிருக்கிறது' என்று நாக்கு தவறாக எடுத்துக்கொள்ளும். கணக்கு எளிது: விஸ்கியின் அளவை அதன் சதவீதத்தால் பெருக்கி, வேண்டிய சதவீதத்தால் வகுத்தால் மொத்த அளவு வரும். 50 சதவீதத்தில் 20 மில்லி இருக்கிறது, 40-க்கு இறக்க வேண்டும் என்றால் மொத்தம் 25. சேர்க்க வேண்டியது சுமார் 5 மில்லி தண்ணீர். நிறுவனம் அடிப்படை விஸ்கியை வெளியிலிருந்து வாங்கியிருந்தால், ஏறக்குறைய அதே வயதும் அதே தானியக் கலவையும் உள்ள வேறொன்றை வைத்துக்கொள்ளலாம்.

முகரும்போது கிளாஸை முதலில் மோவாய்க்கு நேரே பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் குத்தி, அடுத்த சில நிமிடம் எதுவும் தெரியாது. சாதாரண போர்பனில் தொடங்குங்கள். வெனிலா, தேங்காய், கிராம்பு வருகிறதா? இவை ஓக் தந்தவை: வெனிலாவுக்கு வெனிலின், தேங்காய்க்கு ஓக் லாக்டோன், கிராம்புக்கு யூஜெனால். பிறகு பினிஷ் செய்த கிளாஸுக்குப் போய், அதே மூன்றையும் தேடுங்கள். இன்னும் இருக்கின்றனவா என்பதுதான் சோதனை. கூடுதலாக வந்தவற்றைத் தனியே எழுதுங்கள்: போர்ட் என்றால் பிளம், பெர்ரி ஜாம், ஒலரோசோ ஷெர்ரி என்றால் உலர்ந்த திராட்சை, வால்நட், ரம் என்றால் பழுப்புச் சர்க்கரை, கனிந்த வாழைப்பழம்.

முதல் மடக்கு வாயைத் தயார் செய்ய மட்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது. இரண்டாவதாக 3 முதல் 5 மில்லி எடுத்து, நாக்கு முழுதும் படும்படி பத்து விநாடி வைத்திருங்கள். நுழையும்போது, நடுவில், விழுங்கியபின் என்று மூன்றாகக் கவனியுங்கள். சரியாகச் சேர்ந்த விஸ்கியில் பழமும் ஓக்கும் ஒன்றாகவே வரும். சேராததில் ஒரு தையல் தெரியும்: முதலில் ஒயின் இனிப்பு, சட்டென்று அது அறுந்து, பின்னால் வெறும் காரமும் பச்சைத் தானிய வாசனையும். இளம் விஸ்கியின் குறையை இனிப்பான பீப்பாயால் மறைக்கப் பார்த்திருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். இதை அனுபவமில்லாத நாக்கு எளிதில் மன்னித்துவிடுகிறது, இனிப்புக்கு அவ்வளவு வசீகரம்.

பிறகு சொட்டுக் குழாயால் நான்கைந்து சொட்டுத் தண்ணீர். மணம் விரிந்தால் நல்லது. பழம் மறைந்து மரக் கசப்பு மட்டும் நின்றால் பினிஷ் மேலோட்டமானது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

குறைகளைக் காரணத்தோடு பிரித்தறியுங்கள். தீக்குச்சி உரசிய வாசனை, ரப்பர், வெந்த முட்டைக்கோஸ்: கந்தகம். ஷெர்ரி, ஒயின் பீப்பாய்களைக் காக்கக் கந்தகம் எரிப்பதால் அது ஒட்டிவரலாம். ஈறு வறண்டு பிடித்துக்கொள்வது டானின் என்ற துவர்ப்புப் பொருளால். சிவப்பு ஒயின் பீப்பாயில் நாள் அதிகமானால் வரும். இதை ஆல்கஹால் எரிச்சலோடு குழப்பாதீர்கள்: எரிச்சல் தண்ணீரில் தணியும், வறட்சி தணியாது. நெயில் பாலிஷ் வாசனை பெரும்பாலும் இளம் ஸ்பிரிட்டின் அடையாளம். திகட்டும் இனிப்புக்குக் காரணம், முன்பிருந்த ஒயின் மரத்துக்குள் லிட்டர் கணக்கில் தங்கியிருந்து விஸ்கியில் கலப்பது.

மதிப்பெண்ணை 100-க்கு இப்படிப் பிரிப்பது சரியாக இருக்கும்: முகர்வு 25, வாய்ச்சுவை 25, பின்சுவை 20, இணக்கம் (இரண்டாவது பீப்பாய் விஸ்கியோடு சேர்ந்த விதம்) 30. இணக்கத்தில் 30 என்பது அதிகமாகத் தோன்றலாம். சாதாரண போர்பனுக்கு அது அதிகம்தான், இந்த வகைக்கு இல்லை. அடிப்படை விஸ்கி அடையாளமே தெரியவில்லை என்றால் இணக்கத்துக்கு 12-க்கு மேல் போடாதீர்கள், எவ்வளவு இனிமையாக இருந்தாலும். பினிஷ் இருப்பதே தெரியவில்லை என்றாலும் 15-ஐத் தாண்ட வேண்டாம். பின்சுவையைக் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள்: 15 விநாடிக்குள் போனால் குறுகியது, ஒரு நிமிடம் தாண்டினால் நீண்டது. நீண்டு நிற்பது கசப்பு என்றால் நீளத்துக்கு மதிப்பெண் இல்லை.

நன்றாகத் தெரிந்த ஒரு போர்பனுக்கு 80 என்று நிலையாக வைத்து, ஒவ்வொரு அமர்விலும் அதை ஒரு வாய் சுவைத்துவிட்டே எழுதுங்கள். இல்லையென்றால் நாளுக்கு நாள் அளவுகோல் நகரும். கிளாஸ்களின் அடியில் எண் ஒட்டி வேறொருவரை ஊற்றச் சொல்லி, நிறம் தெரியாதபடி விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டின் செம்மை கண்ணில் பட்டாலே மூக்கு பெர்ரியைக் கண்டுபிடித்துவிடும். ஓர் அமர்வில் மூன்று விஸ்கிக்கு மேல் வேண்டாம், அதையும் துப்பிச் சுவைப்பதே துல்லியம்.

திறந்த அன்றே போட்ட மதிப்பெண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, பாட்டில் பாதியானதும் ஒருமுறை சுவைத்து, மூன்றின் சராசரியை மையால் எழுதலாம். மூன்றுக்கும் இடையே 5-க்கு மேல் வித்தியாசம் வந்தால் எண்ணை விட்டுவிட்டு, எது மாறியது என்று எழுதுங்கள். பாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் காற்று பட்டுப் பழ மணம் மங்கலாம்; மிச்சத்தைச் சிறிய பாட்டிலுக்கு மாற்றி, கார்க்கில் படாதபடி நிமிர்த்தியே வையுங்கள்.